பத்து ரிவெட்

ஐந்தாவது ரிவெட்டில் டிரில் வழுக்கி
சைலன்சரின் வயிற்றில் ஒரு கோடு.
போகட்டும்.
தக்கலை எஸ்.ஐ. போட்ட அபராதத்தைவிட
ஆழம் கம்மிதான்.

வண்டி அண்ணனுடையது.
குவைத்துக்குப் போன அன்று பெனிட்டோ
சாவியை என் கையில் தராமல்
பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனான்.
கொடுத்ததாகவும் இருக்கக் கூடாது,
கொடுக்காததாகவும்.

இரண்டு வருஷம் ஓட்டினேன்,
முளகுமூட்டிலிருந்து மார்த்தாண்டம் லேப்வரை.
முதலில் அது தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தது.
இந்த இடவப்பாதிக்குப் பிறகு
தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கிய சத்தம்.
எதிர்வீட்டு றோஸ்லெட் அக்கா
நைட் டூட்டி முடித்து வந்து படுப்பவள்.
சண்டைக்கு வரவில்லை.
எங்கள் மதில்மேல்
ஒரு பொட்டலம் காதுப்பஞ்சு வைத்துவிட்டுப் போனாள்.
சண்டைக்கே வந்திருக்கலாம்.

எட்டு. ஒன்பது.
பத்தாவதன் தலை தெறித்து
ரப்பர் ஷீட் காயும் கொடிக்கடியில் விழுந்தது.
மூடியை மரச்சுத்தியால் தட்டினேன், வரவில்லை.
சுற்றிச்சுற்றித் தட்டினேன், வரவில்லை.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்,
வந்தது.

உள்ளே, உடம்பெல்லாம் துளையாய் ஒரு குழாய்.
வால்பக்கம் மட்டும் கொஞ்சம் பஞ்சு,
பீடி குடிக்கிறவர் மீசை நிறத்தில்.
என்ஜின் பக்கம் ஒன்றுமில்லை, கரிதான்.
இத்தனை நாளும் நான் ஓட்டிக்கொண்டிருந்தது
ஒரு ஓட்டையை.

குறடால் கிள்ளி இழுத்தேன்.
குழாயை ஒட்டி ஏதோ சுருள்சுருளாய் வந்தது.
பஞ்சில்லை.
பாத்திரம் தேய்க்கிற கம்பி நார்.
ஒன்று, இன்னொன்று,
ஏழுவரை எண்ணினேன்.

"பாங்காக் சாதனமாக்கும்.
கம்பெனியில பொதிஞ்சது. தொட்டுராத" என்பான்.

நான் பிளஸ் டூ படித்த வருஷம்
கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது
அம்மா அடுக்களையில் நின்று கத்தினாள்:
"கம்பி நார எல்லாம் எங்கட்டி கொண்டு களஞ்ச?
மீன்சட்டிய ஒனக்க தலமயிர வச்சா தேய்க்க?"
பெனிட்டோ பக்கத்தில் இருந்து
மரச்சீனியும் சாளைக்கறியும் தின்றுகொண்டிருந்தான்.
"அவளுக்கு ஒண்ணுலயும் ஒரு கவனம் கெடையாது"
என்றான், முள்ளைத் துப்பிவிட்டு.

புதுப் பஞ்சு முன்னூற்று எண்பது ரூபாய்,
சுந்தர்தாஸ் கடையில், பில் இல்லாமல்.
"கையுறை போடணும் கேட்டியா,
இல்லெங்கி சொறிஞ்சே சாவ."
போட்டேன்.
இருந்தும் முழங்கை அரிக்கிறது,
இதை எழுதும்போதும்.

திணித்துத் திணித்து அடைத்தால்
சத்தம் நுழைய இடமிருக்காது.
தளர விட்டால்
அடுத்த மழைக்குள் திரும்பவும் பத்து ரிவெட்.
சுற்றிய பஞ்சைக் காகித டேப்பால் கட்டினேன்.
முதல் ஓட்டத்திலேயே டேப் எரிந்துபோகும்.
பஞ்சு கலையாமல் உள்ளே போகும்வரைதான்
அதற்கு வேலை.

கட்டும் முன் ஒரு சந்தேகம்.
வெறும் பஞ்சை நேரே குழாயில் வைத்தால்
என்ஜின் ஊதுகிற ஊத்தில்
துளைவழியே பிய்ந்து பறக்காதா?
இடையில் இரும்பாய் ஏதாவது வேண்டாமா?
கள்ளன்தான்.
வேலை தெரிந்த கள்ளன்.

எழுந்து அடுக்களைக்குப் போனேன்.
அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.
ஜன்னல் விளிம்பில், நேற்று வாங்கிய பாக்கெட்,
பிரிக்கக்கூட இல்லை.

சிவப்பு சிலிக்கான் ராத்திரி முழுக்கக் காய்ந்தது.
காலையில் உதைத்தேன்.
டேப் எரிந்து ஒரு வாய் வெள்ளைப் புகை.
பிறகு,
குடத்தைக் கிணற்றில் முக்கினால் வருமே,
அப்படி ஒரு சத்தம்.
எதிர்வீட்டு ஜன்னல் திறக்கவில்லை.
நல்லது.

அடுக்களையிலிருந்து அம்மா தொடங்கினாள்.
முன்பென்றால் ஆக்சிலேட்டரை
ஒரு முறுக்கு முறுக்கியிருப்பேன்,
ஒன்றும் காதில் விழுந்திருக்காது.
முறுக்கினேன்.
கம்பி நாரில் தொடங்கி
என் கல்யாணம்வரை
ஒரு எழுத்து விடாமல் கேட்டது.